கற்றதைப் பூட்டி வைக்கலாமா?

(மட்டக்களப்பு வாவிக்கரையில் சதுரங்க ஆர்வலர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



சதுரங்கத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் எதற்காக உரிமையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அறுபத்து நான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள், ஓய்வு வேளையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஓர் ஆட்டம். இதில் சட்டம் எங்கே வந்தது? வழக்கு எங்கே வந்தது? சுதந்திரம் எங்கே வந்தது? இவ்வாறு கேட்கக்கூடும்.

வந்திருக்கிறது, தோழர்களே! ஜேர்மனியின் மியூனிக் நகரத்து நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. அந்த வழக்கின் முடிவினால் நன்மை அடைந்தவர்களில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கைப்பேசியில் சதுரங்கம் பழகும் எமது பிள்ளைகளும் அடங்குவர். அவர்கள் அதனை அறியமாட்டார்கள். அறியச் செய்வது எமது கடமை. அதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

சதுரங்கம் பயில ஒரு காலத்தில் நல்லாசான் வேண்டும், நூல்கள் வேண்டும், எதிர்த்து ஆட வல்லவர் வேண்டும். இவை மூன்றும் பெருநகரங்களிலேயே கிடைத்தன. வாவிக்கு அப்பால் வயலும் குளமும் சூழ்ந்த ஊரிற் பிறந்த பிள்ளைக்கு எத்துணை அறிவிருந்தும் வாய்ப்பில்லை. இன்று நிலைமை வேறு. உலகச் சம்பியனையும் தோற்கடிக்கவல்ல சதுரங்கப் பொறி ஒன்று, பழைய கைப்பேசியிற்கூட இயங்குகிறது. ஆடிய ஆட்டத்தை அதனிடம் கொடுத்தால் எந்த நகர்த்தலில் பிழை விட்டோம் என்பதைக் காட்டுகிறது. அதற்கு ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் வாழும் செல்வந்தரின் மகனுக்கும் வவுணதீவில் வாழும் கமக்காரரின் மகளுக்கும் அந்தப் பொறி ஒன்றே. அதன் வலிமையும் ஒன்றே.

இந்தச் சமத்துவம் வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. கற்றதைப் பூட்டி வைக்க மாட்டோம் என்று உறுதி பூண்ட சிலர் உழைத்துப் பெற்றுத் தந்தது. இன்னும் சிலர் அதனைக் காத்து நின்றனர்.

கருவாடு தந்த பாடம்

அந்தப் பொறியின் பெயர் ஸ்டொக்பிஷ். அப்பெயரின் பொருளைக் கேட்டால் மீன்பாடும் தேன்நாட்டவராகிய நீங்கள் சிரிப்பீர்கள். அதன் பொருள் கருவாடு! நோர்வே நாட்டிற் காற்றிலே உலர்த்தி, இத்தாலி நாட்டிற் கறியாக்கி உண்ணப்படும் மீன் அது. நோர்வே நாட்டவரான டோர்ட் ரொம்ஸ்டாட் என்பவர் குளோருங் என்னும் சதுரங்கப் பொறியை இயற்றி, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார். இத்தாலி நாட்டவரான மார்க்கோ கொஸ்டால்பா என்பவர் அதனை எடுத்துத் திருத்தி 2008ஆம் ஆண்டில் புதிய பெயருடன் வெளியிட்டார். நோர்வேயில் உலர்ந்து இத்தாலியிற் சமைந்தமையால் ‘கருவாடு’ என்று பெயரிட்டார். பின்லாந்து நாட்டவரான யூனா கீஸ்கியும் உடன் சேர்ந்தார்.

முன்னவர் கோபித்துக்கொண்டாரா? ‘என் பொருளை எடுத்துவிட்டான்’ என்று கூக்குரலிட்டாரா? இல்லை. தமது பொறியைத் தனியாக வளர்ப்பதை நிறுத்தி, புதியதன் வளர்ச்சியிலே தாமும் பங்குகொண்டார். அன்று தொடங்கிய பணி இன்று பல நாட்டவரின் கூட்டுப் பணியாகிவிட்டது. 2013ஆம் ஆண்டில் கரி லின்ஸ்கொட் என்பவர் ஒரு சோதனை முறையை அமைத்தார். எவர் ஒரு திருத்தம் கூறினாலும், பழைய பொறியும் திருத்திய பொறியும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் மோதவிடப்படும். தொண்டர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இதற்காக இரவல் தருகிறார்கள். வென்றால் திருத்தம் ஏற்கப்படும், வெல்லாவிட்டால் தள்ளப்படும். கூறியவர் பேராசிரியரா, பள்ளி மாணவனா என்று எவரும் பார்ப்பதில்லை. பட்டமும் பதவியும் அங்கே செல்லா. ஆட்டத்தின் முடிவு ஒன்றே செல்லும்.

2018ஆம் ஆண்டில் யப்பானியரான யூ நாசு என்பவர் தமது நாட்டு ஷோகி ஆட்டத்திற்காக ஒரு புதிய முறையைக் கண்டார். கணினி ஆட்ட நிலையை மதிப்பிடுவதற்கான சிறிய நரம்பு வலையமைப்பு அது. அதனை அவர் மறைத்து வைக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் அது ஸ்டொக்பிஷ் பொறியிலே சேர்க்கப்பட்டது. பொறியின் வலிமை பெருமளவு உயர்ந்தது. யப்பானிய ஆட்டத்தில் விளைந்த அறிவு, நோர்வே, இத்தாலி, பின்லாந்து நாட்டவர் தொடங்கிய பணிக்கு உரமாகி, மட்டக்களப்புப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தது. நடுவில் எவரேனும் ஒருவர் கதவை அடைத்திருந்தால் வந்திருக்குமா?

இரும்பு மலையும் கையடக்கப் பொறியும்

இதற்கு நேர்மாறான காட்சியையும் பாருங்கள். 1950ஆம் ஆண்டில் குளோட் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர், கணினிக்குச் சதுரங்கம் ஆடக் கற்பிக்கும் வழியைக் கட்டுரையாக எழுதி உலகத்தார் அறிய வெளியிட்டார். பின்னர் வந்த பொறிகள் பலவற்றுக்கு அதுவே வித்து. 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் இயந்திரம், உலகச் சம்பியன் கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றது. வினாடிக்கு இருபது கோடி நிலைகளை ஆராயும் இரும்பு மலை அது. உலகம் வியந்தது. பின்னர் நடந்ததென்ன? இயந்திரம் பிரிக்கப்பட்டது, அதன் பகுதிகள் அமெரிக்காவின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அதனோடு ஆடிப் பழக எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் குழுமத்தைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம், தன்னோடு தானே ஆடிக் கற்கும் அல்பாஸீரோ என்ற பொறியை அறிவித்தது. முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்; பொறியை வெளியிடவில்லை. தொண்டர்கள் சோர்ந்தார்களா? கட்டுரையைப் படித்து, 2018ஆம் ஆண்டிலேயே லீலா என்னும் பொறியைத் தாமாகவே ஆக்கத் தொடங்கினர். ஆயிரக்கணக்கானோர் கணினி நேரத்தைத் தானமாகத் தந்தனர். அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அறிவின் ஒரு நுனி வெளியே தெரிந்தாற் போதும், ஆர்வலர் கூட்டம் முழுவதையும் மீட்டெடுக்கும் என்பதற்கு இது சான்று.

எடுப்பவர் கொடுக்கவும் வேண்டும்

இனி வழக்குக்கு வருவோம். திறந்த வீட்டில் எவரும் நுழையலாம் என்பது உண்மை. ஆனால் நுழைந்தவர் கதவைக் கழற்றிக்கொண்டு போய்த் தம் வீட்டுக்கு மாட்டிக்கொள்ளலாமா?

2005ஆம் ஆண்டில் புரூட் என்ற பொறியின் மூலநிரல் உலகத்தார் படிக்கக் கிடைத்தது. அதனை இயற்றியவர் பிரெஞ்சுக்காரரான பேபியன் லெத்தூசே. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த ரிப்கா என்ற மூடிய பொறி, வெகு விரைவில் யாவற்றையும் விஞ்சி நின்றது. 2007 முதல் 2010 வரை கணினிச் சதுரங்க உலகப் பட்டங்களை வென்றது. பின்னர் ஐயம் எழுந்தது. 2011ஆம் ஆண்டில் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம் விசாரித்து, புரூட், கிராப்டி ஆகிய பொறிகளிலிருந்து உரிய ஒப்புதலின்றி எடுத்தாளப்பட்டது என்று தீர்ப்புக் கூறிப் பட்டங்களைப் பறித்தது. ரிப்காவை இயற்றியவர் குற்றச்சாட்டை மறுத்தார். அத்தீர்ப்பின் முறைமை பற்றியும் பின்னர் வாதங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் நாம் இங்கே புக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கருதுக: மூடிய பொறியில் என்ன இருக்கிறது என்பதை அறிய ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சி வேண்டியிருந்தது. திறந்த பொறியாயிருந்தால் ஒரு பகற்பொழுது போதும்.

2021ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரத்துச் செஸ்பேஸ் நிறுவனம், பெற் பிறிட்ஸ் 2 என்ற பொறியை ஏறத்தாழ நூறு யூரோவுக்கு விற்றது. அது வேறொரு நரம்பு வலையமைப்பைப் பொருத்திய ஸ்டொக்பிஷ் என்றும், வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமலும் கொடுக்க வேண்டிய உரிமையைக் கொடுக்காமலும் விற்கப்படுகிறது என்றும் ஸ்டொக்பிஷ் குழுவினர் கூறினர். அதே ஆண்டு யூலை மாதத்தில் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் இணக்கம் ஏற்பட்டது. ஓராண்டு காலம் ஸ்டொக்பிஷ் சேர்ந்த பொருள்களை விற்பதில்லை என்றும், உரிமத்தின் நிபந்தனைகளைப் பேணுவதற்குத் தனியாக ஓர் உத்தியோகத்தரை நியமிப்பதென்றும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். விற்றது குற்றமன்று! ஸ்டொக்பிஷ் வெளியிடப்படும் குனு பொது உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனு இயக்கத்தின் வழியே 1989ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த உரிமம் அது. அது தரும் உரிமைகள் நான்கு: எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளிருப்பதைப் படிக்கலாம், பிறர்க்குப் பகிரலாம், திருத்தி வெளியிடலாம். அது விதிக்கும் கடமையின் சாரம் ஒன்று: நீ பெற்ற இந்த நான்கையும் உன்னிடம் பெறுவோர்க்கும் கொடு. மூலநிரலை மறைக்காதே, இயற்றியவர் பெயரை அழிக்காதே. அவ்வளவே.

ஆகவே ‘இலவசம்’ என்ற சொல்லால் மயங்காதீர்கள். இலவசமாகத் தரப்படுவது நாளை நிறுத்தப்படலாம். தருபவர் மனம் மாறலாம். ‘கட்டற்றது’ என்று தமிழிற் சொல்கிறோமே, அதுவே சரியான சொல். கட்டற்றதாக ஒருமுறை வெளியிட்டதை எவராலும் திரும்பப் பூட்ட முடியாது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் தொடர்வார். இலவசம் என்பது கொடையாளியின் தயவு. கட்டற்றமை என்பது பெறுபவரின் உரிமை. தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமா?

எமது மண்ணின் மரபு

இந்தக் கொள்கை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரேனும் கூறினால், அவரைக் கூத்துக் களரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் எவ்வாறு எம்மிடையே வாழ்கின்றன? அண்ணாவியார் தம்மிடமுள்ள கூத்தேட்டைப் பார்த்துச் சட்டம் கொடுக்கிறார். கமக்காரரும் மீன்பிடிப்போரும் தத்தம் பங்கைப் பாடமாக்குகிறார்கள். ஓர் ஊரின் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஊரார் படியெடுக்கிறார்கள். தமது களரிக்கு ஏற்றவாறு கூட்டியும் குறைத்தும் ஆடுகிறார்கள். பார்ப்பதற்கும், படியெடுப்பதற்கும், திருத்துவதற்கும் இடமிருந்தமையாலேயே கூத்து வாழ்கிறது. ஏட்டைப் பெட்டியிற் பூட்டிவிட்டு, ஆட்டத்தை மட்டும் காட்டுவோம் என்று முன்னோர் எண்ணியிருந்தால், பூட்டியவரோடு அதுவும் மண்ணாகியிருக்கும்.

மண்ணாகிப் போனதற்கும் சான்றுண்டு. காரைதீவு தந்த பேரறிஞர் விபுலானந்த அடிகளை நினையுங்கள். பழந்தமிழர் மீட்டிய யாழ் மறைந்துவிட்டது. கருவி போயிற்று; செய்முறை போயிற்று; செய்யும் கையும் போயிற்று. அடிகளார் இசைக் கணக்குகளையும் பழைய நூற் குறிப்புகளையும் வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார். எதைக்கொண்டு ஆராய்ந்தார்? சிலப்பதிகார ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வைத்தவர்கள் இருந்தார்கள். அடிகளார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றினார். ஒருவர் படியெடுத்தார், ஒருவர் பதிப்பித்தார், ஒருவர் ஆராய்ந்தார். பகிர்ந்த ஏடு பிழைத்தது. செய்முறை எழுதிப் பரப்பப்படாத கருவி அழிந்தது. மூலநிரல் இல்லாத மென்பொருளும் செய்முறை தெரியாத யாழும் ஒன்றே!

அண்மைக் காலத்துச் சான்றையும் கூறுவோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளை இக்கரையில் எவர் மறப்பர்? நாவலடியிலும் கல்லடியிலும் கடல் புகுந்த அந்த நாளுக்குப் பின்னர், காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்யவும் ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் அதனை ஆக்கினார்கள். அதன் பெயர் சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். அதனை அவர்கள் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006இல் பிலிப்பைன்ஸில் மண்சரிவு நேர்ந்தபோதும், 2010இல் ஹெயிட்டி நாடு குலைந்தபோதும் அது உதவிற்று. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. எமது கண்ணீரிற் பிறந்த கருவி பிறர் கண்ணீரைத் துடைத்தது. விலை குறித்துப் பூட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

மறுப்புகளும் விடைகளும்

‘இயற்றியவன் உண்ண வேண்டாமா?’ என்பர். வேண்டும். உழைப்புக்கு ஊதியம் கேட்பதை நாம் பழிக்கவில்லை. தனது முழு உழைப்பினால் ஒருவர் ஆக்கியதை விற்க அவருக்கு உரிமை உண்டு. பிறர் கூடி ஆக்கியதைத் தமதென்று காட்டி விற்பதையே மறுக்கிறோம். கற்பித்தும், நூல் எழுதியும், போட்டி நடத்தியும், கட்டற்ற பொறியையே பொருத்திக் கொடுத்தும் பொருள் ஈட்டலாம், தடையில்லை.

‘விலையில்லாப் பொருள் தரமற்றது’ என்பர். பலகையைக் காட்டுங்கள். உலகின் வலிமை மிக்க பொறிகளின் வரிசையில் முதலிடத்துக்குப் போட்டியிடுபவை கட்டற்ற பொறிகளே. பிரெஞ்சுக்காரரான தீபோ டுப்லெசி 2010ஆம் ஆண்டில் தொடங்கிய லிசெஸ் தளம், விளம்பரம் இன்றி, கட்டணம் இன்றி, நன்கொடையால் நடைபெறுகிறது. அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

‘கடையில் திருட்டுப் படிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, எமக்கென்ன கவலை?’ என்பர். இதுவே மிகவும் ஆபத்தான பேச்சு. திருட்டுப் படியை வைத்திருப்பவனுக்கு உரிமை இல்லை. அச்சம் மட்டுமே உண்டு. உள்ளே என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்றும் தெரியாது. பிறர் உரிமத்தை நாம் மதிக்காதபோது, எமது உரிமத்தைப் பிறர் மதிக்க வேண்டுமென்று எந்த வாயால் கேட்பது? நேர்மையான வழி திறந்திருக்கும்போது திருட்டு வழி எதற்கு? 2022ஆம் ஆண்டில் எமது ரூபா விழுந்ததை நினையுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. பிறநாட்டுப் பணத்தில் விலை குறித்த மென்பொருள்கள் யாவும் எட்டாக் கனியாயின. கட்டற்றவற்றின் விலையோ அன்றும் பூச்சியம், இன்றும் பூச்சியம்.

‘ஆட்டத்தின் நகர்த்தல்களே எமக்குச் சொந்தம்’ என்று கூறியவர்களும் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் உலகச் சம்பியன் போட்டி நடைபெற்றபோது, நகர்த்தல்களைப் பிறர் உடனுக்குடன் வெளியிடக் கூடாதென்று ஏற்பாட்டாளர் தடை கேட்டனர். நீதிமன்றம் தடை வழங்க மறுத்தது. நடந்த செய்தியைச் சொல்ல எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது: பாடசாலைக் கணினிகளில் கட்டற்ற சதுரங்கப் பொறிகளை நிறுவுங்கள். இணையம் எட்டாத ஊருக்கு ஒரு சிறிய பென்டிரைவிற் கொண்டு செல்லலாம். படியெடுத்துக் கொடுப்பது இங்கே குற்றமன்று. உரிமமே தந்த உரிமை. கொடுக்கும்போது உரிமத்தையும் மூலநிரலையும் சேர்த்தே கொடுங்கள்.

இரண்டாவது: எமது போட்டிகளில் ஆடப்படும் ஆட்டங்களை எழுதிச் சேமியுங்கள். 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற பி.ஜி.என். என்னும் பொதுக் குறிப்பு முறை, வெறும் எழுத்துகளால் ஆனது. எந்த நிறுவனம் மூடினாலும் அதனைப் படிக்கலாம். எமது பிள்ளைகளின் ஆட்டங்கள் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் சிறைப்பட வேண்டாம்.

மூன்றாவது: தமிழ். 1936ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இம்மாவட்டத்தாரின் ஆசானாகிய விபுலானந்த அடிகள். அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியும் என்று நாட்டியவர் வழிவந்த நாம், சதுரங்கப் பொறிகளின் கட்டளைகளையும் விளக்கங்களையும் தமிழாக்க முடியாதா? மூடிய மென்பொருளில் உரியவர் இசைந்தாலன்றித் தமிழைச் சேர்க்க முடியாது, கெஞ்ச வேண்டும். கட்டற்றதில் எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அமர்ந்து எழுதினாற் போதும்.

நான்காவது: நிரல் எழுதக் கற்கும் மாணவர்களுக்கு. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர்தோறும் ஆர்வமுள்ள இளைஞர் இருக்கிறார்கள். நீங்கள் பொழுதுபோக்காக ஒரு சிறு சதுரங்க நிரல் எழுதினாலும், அது குழந்தையைப் போல் தடுமாறி ஆடினாலும், உரிமத்தோடு வெளியிடுங்கள். யாரிடமிருந்து எதை எடுத்தீர்கள் என்று ஒளியாமல் எழுதுங்கள். பெயர் கூறுவது சிறுமையன்று. அதுவே கற்றவர்க்கு அழகு. பிறர் உங்கள் பிழையைத் திருத்துவார்கள். உங்களிடமிருந்து மூன்றாமவர் கற்பார்.

தோழர்களே! வாவியின் நீரை எவரும் குடத்திற் பிடித்து அடைத்துவிட முடியாது. கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் என்ன நேரும் என்பதை மட்டும் நீங்கள் அறிவீர்கள். நீர் தேங்கும், வயல் மூழ்கும். அப்போது வெட்டித் திறப்பதற்கு எல்லாரும் மண்வெட்டியோடு நிற்கிறோம். அறிவின் முகத்துவாரத்தையும் அவ்வாறே காக்க வேண்டும். யாரோ திறந்து வைத்தார்கள், நாம் பயன்பெற்றோம். அடைக்க வருபவர் வரும்போது திறந்து வைப்பவர்களாக நாம் நிற்போம். கற்றதைப் பூட்டாதீர், பெற்றதை மறைக்காதீர், பெயரை அழிக்காதீர், பகிருங்கள்.